அத்தை பிடுங்காத குச்சிகள்

எட்டு வயதில் நான் ஒரு பொய் சொன்னேன். அதனால் என் அத்தையின் கல்யாணம் நின்றது. பிறகு அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. இதை வேறு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். 'நின்றதற்கு நானும் ஒரு காரணம்' என்று ஒரு முறை. 'என்று நினைக்கிறேன்' என்று வால் சேர்த்து ஒரு முறை. எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். பொய் சொன்னேன், கல்யாணம் நின்றது, இரண்டும் ஒரே காலையில் நடந்தன. இதற்கு மேல் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது மிகக் குறைவு.

சிங்கப்பூரில் புயல் அடிக்காது என்று எல்லோரும் சொல்வார்கள். முப்பத்து மூன்று வருஷம் பள்ளியில் பூகோளம் நடத்திய நானும் அதைத்தான் சொன்னேன். பூமத்திய ரேகைக்கு இத்தனை பக்கத்தில் காற்று பெரும்புயலாகச் சுழல முடியாது. பரீட்சைக்கு அது போதும். ஆனால் எங்களுக்கு சுமத்ரா காற்று உண்டு. ஆண்டின் நடு மாதங்களில், இரவெல்லாம் நீரிணைக்கு மேலே திரண்ட மேகம் விடிகிற நேரத்தில் மேற்கிலிருந்து ஒரு கறுப்புச் சுவர் மாதிரி வரும். அரை மணி, ஒரு மணி நேரம் அடிக்கும். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல வெயில் காயும்.

காற்று மூன்று முறை என்னைத் தொடாமல் விட்டுப் போயிருக்கிறது. ஒரு முறை, மாணவர்களோடு கிழக்குக் கடற்கரையில் நின்றபோது, கடலில் ஒரு நீர்த்தூண் எழும்பிக் கரைக்கு வருவதுபோல வந்து, வராமலே கரைந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். சார் மட்டும் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார் என்று பிறகு சொல்லிச் சிரித்தார்கள். இன்னொரு முறை போன வருஷம், கிளமெண்டியில் என் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே. அதைப் பிறகு சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் முந்தியது அத்தையின் கல்யாணத்தன்று.

அப்போது நாங்கள் சிராங்கூன் சாலை ஆறாவது மைல்கல்லை ஒட்டிய ஒரு கம்பத்தில் குடியிருந்தோம்; கிராமத்துக்கு மலாயில் அதுதான் பெயர். தகரக் கூரை வீடுகள், நடுவில் ஒரு பொதுக் குழாய், பின்னால் ஒரு லோங்காங். அதைச் சாக்கடை என்று பள்ளிக்கூடத்தில் மட்டும்தான் சொல்வோம். பாதி வீடுகள் தமிழருடையவை, பாதி மலாய்க்காரருடையவை. எங்கள் வீட்டுக்குத் தலைவர் பெரியப்பா. அப்பா கப்பல் பட்டறைக்குப் போய்வருவார். வீட்டில் அவர் பேசி நான் அதிகம் கேட்டதில்லை. அவர் பங்கையும் சேர்த்துப் பெரியப்பா பேசினார். அத்தை அவர்களுக்குக் கடைசித் தங்கை, இருபது வயது. என் தம்பி பிறந்த நாளிலிருந்து என்னை வளர்த்தது அத்தைதான். குளிப்பாட்டியதும், கைபிடித்து எழுதவைத்ததும், காய்ச்சல் வந்தால் கஞ்சி ஊட்டியதும் அவர்தான்.

மாப்பிள்ளை ஜோகூரில் ஒரு ரப்பர் தோட்டத்து அலுவலகத்தில் கிராணி, கணக்கெழுதுகிற வேலை. கல்யாணத்துக்கு முன் இரண்டு முறை வீட்டுக்கு வந்தார். ஒல்லியான மனிதர், சிரிப்பு வந்தால் கையால் வாயை மூடிக்கொள்வார். எனக்கு இரண்டு பென்சில் வாங்கிவந்தார். அத்தையைக் கூட்டிக்கொண்டு போகப்போகிறவர் தந்தது என்பதால் இரண்டையும் கடித்துத் துப்பினேன். தாய் தகப்பன் இல்லாத அவரை வளர்த்தது அவருடைய அக்கா. அந்த அம்மாள் எங்கள் வீட்டு நாற்காலியில் உட்காருமுன் அதைக் கைக்குட்டையால் மூன்று முறை தட்டினார்.

கல்யாணம் ஆவணி மாதத்தில், எங்கள் வீட்டு வாசலிலேயே. மரச்சட்டம் நட்டு, மேலே தகரம் போட்டு, பக்கங்களில் கித்தான் கட்டினார்கள். பந்தலை ஒட்டி ஒரு பழைய டுரியான் மரம் நின்றது. பெரியப்பா நாளுக்கு நாலு தடவை வானத்தைப் பார்த்தார்.

"மழை வந்துச்சுன்னா கல்யாணமே நின்னுடும்லா" என்றார் ஒரு நாள், பந்தல்காரரிடம்.

அவர் சும்மா சொன்னார். நான் அதைப் பாடம் மாதிரி மனத்தில் எழுதிக்கொண்டேன்.

மழைக்கு வழி சொன்னது பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாள். அவரை நாங்கள் எல்லோரும் மக்சிக் என்றுதான் கூப்பிடுவோம். அத்தை, சித்தி என்பதற்கெல்லாம் அவர்கள் மொழியில் அந்த ஒரு சொல்தான். தென்னை ஈர்க்கில் ஒரு சிவப்பு மிளகாய், ஒரு சின்ன வெங்காயம், மறுபடி ஒரு மிளகாய் என்று கோத்து, பந்தலின் நான்கு மூலையிலும் நட வேண்டும். கல்யாணமாகாத பெண்தான் நட வேண்டும். நட்டவள் விசேஷம் முடிகிறவரை குளிக்கக் கூடாது. மக்சிக்கின் மகளுக்குப் பதினைந்து வயது. குளிக்கக் கூடாது என்றதும் அவள் முகம் போன போக்கைப் பார்த்து அத்தை விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா தம் பங்குக்குப் பிள்ளையாருக்கும் ஒரு தேங்காய் உடைத்துவைத்தார். இரண்டு பக்கமும் சொல்லிவைத்தாயிற்று. இது அங்கே யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. மக்சிக் வீட்டுக் குழந்தை பால் குடிக்காவிட்டால் எங்கள் அம்மா போய்த் திருஷ்டி சுற்றிப் போட்டுவிட்டு வருவார்.

கல்யாணத்தன்று வானம் வெளுக்கத் தொடங்கியபோது பெரியவர்கள் சமையல் பக்கம் இருந்தார்கள். நான் பந்தலைச் சுற்றிவந்து நான்கு குச்சிகளையும் பிடுங்கி லோங்காங்கில் போட்டேன். தெரியாமல் செய்ததல்ல. மழை வர வேண்டும், கல்யாணம் நிற்க வேண்டும், அத்தை ஜோகூருக்குப் போகக் கூடாது. இவ்வளவு தெளிவாக நான் எதையும் அதற்கு முன்னும் பின்னும் செய்ததில்லை. பிறகு அதே கையால் கண்ணைக் கசக்கினேன்.

கண்ணீர் வழிய உள்ளே ஓடினேன். அத்தைக்கு அலங்காரம் நடந்துகொண்டிருந்தது. சுற்றியிருந்த பெண்கள், "பாவம், அத்தை போறாங்கன்னு அழுவுது பாரு" என்றார்கள். அத்தை என் கையைப் பிடித்து விரல்களை முகர்ந்தார். என்னைப் பார்த்தார்.  செம்பில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி என் கண்ணைக் கழுவிவிட்டார். பட்டுப் புடவையில் தண்ணீர் தெறிக்கிறது என்று யாரோ சத்தம் போட்டார்கள்.

முகூர்த்தம் ஏழிலிருந்து எட்டுக்குள். ஏழாகியும் மாப்பிள்ளை வீட்டு லாரி வரவில்லை. ஜோகூர் பாலம் தாண்டியதும் டயர் வெடித்துவிட்டதாம். வெடிக்காமல் இருந்திருந்தால் ஏழே காலுக்கு இருவரும் மணவறையில் உட்கார்ந்திருப்பார்கள்.

முதலில் வெளிச்சம் போனது. விடிந்துவிட்ட வானம் மறுபடி இருட்டியது. அடுப்புப் புகை மேலே போகாமல் தரையில் படுத்தது. நாதஸ்வரக்காரர் வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்துவிட்டு மேற்கே பார்த்தார். அப்புறம் வந்தது. முதலில் வந்தது மழையா காற்றா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அம்மா என்னை இழுத்துக்கொண்டு ஓடினார். திரும்பிப் பார்த்தேன். பந்தலின் தகரங்கள் மொத்தமாக எழும்பி, விழாமல், எங்கள் வாசலுக்கு மேலே சுற்றின. ஆம், சுற்றின. நேராக அடிக்கும் காற்றின் முன்விளிம்பில் சிறு சுழல்கள் உண்டாவது உண்டு என்று பல வருஷம் கழித்துப் படித்தேன். அன்று அப்படி ஒரு விளக்கம் கையில் இல்லை. நான் மழையைத்தான் கேட்டிருந்தேன். இது எனக்குத் தரப்பட்டது.

கட்டிலுக்கு அடியில் நாங்கள் ஆறு பேர். "அர்ஜுனா, அர்ஜுனா" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். கூரையில் ஒரு தகரம் பிய்ந்து போனது. அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் குடம் குடமாகக் கொட்டியது. பிறகு ஒரு சத்தம். இடி என்று நினைத்தோம். இடியில்லை, டுரியான் மரம்.

அரை மணி நேரத்தில் வெயில் வந்தது. மரம் மணவறைக்குக் குறுக்கே விழுந்திருந்தது. வாழை மரங்கள், பூ வேலை, இரண்டு பலகைகள் எல்லாம் அதற்கு அடியில். குத்துவிளக்கு தகடாகியிருந்தது. ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அப்போதுதான் லாரி சந்துக்குள் திரும்பியது.

பெரியப்பா ஓடிப்போய் மாப்பிள்ளையின் அக்காவைக் கும்பிட்டார். "டயர் வெடிச்சது தெய்வச் செயல்மா! இல்லன்னா பிள்ளைங்க ரெண்டும் இதுக்கு அடியில இருந்திருக்கும். கூடத்துலேயே உட்கார வச்சுக் கட்டிடலாம். எட்டு மணிக்கு இன்னும் நேரம் இருக்கு."

அந்த அம்மாள் மரத்தைப் பார்த்தார், மணவறையைப் பார்த்தார், தலையசைத்தார். மாப்பிள்ளை ஈரத் தலைப்பாகையைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார், வாயை மூடிக்கொண்டு. கல்யாணம் நடந்துவிடும் என்று எனக்குத் தெரிந்துபோனது. இவ்வளவு பெரிய காற்று வந்தும் பிரயோஜனமில்லை.

பலர் உயிர் பிழைத்த இடத்தில் யாராவது ஒருவர் வேடிக்கை பேசித்தான் தீர வேண்டும்போல. சமையல்காரர் மக்சிக்கைப் பார்த்து, "என்ன மக்சிக், உங்க மிளகா சம்பால் அரைக்கத்தான் லாயக்கா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மக்சிக் சிரிக்கவில்லை. விறுவிறுவென்று பந்தல் மூலைக்குப் போனார். அடுத்த மூலைக்குப் போனார். நான்கையும் பார்த்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்று, "சியாப்பா சாபுட்?" என்று கத்தினார். யார் பிடுங்கியது என்று. காற்று சாய்த்திருந்தால் குச்சி கிடக்க வேண்டும். குச்சியும் இல்லை, மிளகாயும் இல்லை, நான்கு ஓட்டைகள் மட்டும் இருந்தன. பெண்ணைக் குளிக்காமல் வைத்துக் காத்த காரியத்தை எவனோ கெடுத்துவிட்டு, பழியைத் தம்மீது போடுகிறான் என்று அவருக்குக் கோபம். நியாயமான கோபம்.

பெரியப்பா இடுப்புப் பெல்ட்டை உருவினார். எங்கள் வீட்டுப் பையன்கள் நான்கு பேரையும் வரிசையாக நிறுத்தினார். முதல் ஆள் நான்.

"யாருடா?"

"அத்தை" என்றேன்.

ஏன் அந்தப் பெயர் வந்தது என்று அறுபது வருஷமாக யோசிக்கிறேன். எனக்குத் தோன்றிய கணக்கு இதுதான்: பெரியப்பா யாரையும் அடிப்பார், ஆனால் பட்டுப்புடவை கட்டிய கல்யாணப் பெண்ணை அடிக்க மாட்டார். ஆகவே அத்தை பெயரைச் சொன்னால் யாருக்கும் அடி விழாது. அந்தக் கணக்கில் ஒரு தப்பும் இல்லை. யாருக்கும் அடி விழவில்லை.

எல்லோரும் வாசற்படியைப் பார்த்தார்கள். அத்தை அங்கேதான் நின்றார். அவர் என் கையைப் பார்த்தார். பிறகு பெரியப்பாவின் கையைப் பார்த்தார்.

"ஆமாண்ணே, நான்தான்" என்றார்.

பெரியப்பா பெல்ட்டைத் தொங்கவிட்டார். மாப்பிள்ளையின் அக்கா மெதுவாகத்தான் பேசினார்.

"மழை வரக்கூடாதுன்னு நட்டு வச்சத கல்யாணப் பொண்ணே பிடுங்கிப் போட்டாளா? அப்ப என் தம்பி வேணாம்னுதானே அர்த்தம்?"

"சின்னப் பொண்ணுமா, ஏதோ விளையாட்டுக்கு…" என்றார் பெரியப்பா.

"ஏம்மா, விளையாட்டுக்கா?"

 அத்தை மாப்பிள்ளையைத்தான் பார்த்தார். மாப்பிள்ளை, "அக்கா" என்று ஒரே ஒரு தடவை சொன்னார்.

"நீ சும்மா இருடா. உன் தலையில விழ வேண்டிய மரம் அது."

அவர் சும்மா இருந்தார். போய் லாரியில் ஏறிக்கொண்டார். எட்டு மணிக்குள் லாரி சந்தைத் தாண்டிவிட்டது. பெரியப்பா சாலை வரைக்கும் பின்னாலேயே நடந்துபோனார்.

சமைத்த சாப்பாட்டை என்ன செய்வது? இரண்டு நாள் கம்பமே சாப்பிட்டது. பாயசம் மூன்று டம்ளர் குடித்தேன். நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் எழுதிவிட வேண்டும். நகைகளைக் கழற்றிக்கொண்டிருந்த அத்தையிடம் போய், "நீங்க போகலதானே அத்தை?" என்று கேட்டேன்.

"போகலடா. சாப்பிட்டியா?" என்றார்.

அதற்குப் பிறகு பெரியப்பா தம் தங்கையோடு பேசவில்லை. கம்பத்தை இடித்து எங்களை அடுக்குமாடிக்கு அனுப்பிய பிறகும் பேசவில்லை. அவளே கெடுத்துக்கொண்டாள் என்று உறவு முழுக்கச் சொன்னது. வந்த ஒன்றிரண்டு சம்பந்தமும் அந்தக் கதையைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனது. அத்தை தாதியர் பயிற்சிக்குச் சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் விடுப்பில் தேக்கா சந்தைக்குக் காய்கறி, மீன் வாங்கப் போவார். கூடை தூக்க நானும் போவேன்.

மிளகாய்க் குச்சிக்கும் காற்றுக்கும் சம்பந்தமில்லை என்று உயர்நிலைப் பள்ளியில்தான் எனக்கு உறைத்தது. நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். இருக்கவில்லை. காற்றுக்கு நான் பொறுப்பில்லை என்றானபின் பொய் மட்டும் தனியாக நின்றது.

பதினாறு வயதில், அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, மீன் கடையில் கூட்டமாக இருந்தது. அத்தை அங்கே நின்றார். நான் சும்மா சந்துப் பக்கம் வந்தேன். சாப்பாட்டுக் கடையிலிருந்து ஒருவர் வெளியே வந்து, எதற்கோ சிரித்து, கையால் வாயை மூடினார். அப்படியே பின்தொடர்ந்தேன். ஒரு கடைவீட்டின் பக்கவாட்டுப் படியில் ஏறினார். நானும் ஏறினேன். கதவைத் திறந்து, "யாரு தம்பி?" என்றார். சொன்னேன்.

தோட்டத்து வேலையை விட்டுவிட்டு நகரத்தில் ஒரு கம்பெனியில் சேர்ந்திருந்தார். அங்கே வந்து மூன்று வருஷமாகிறது என்றார். ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு தட்டு, ஒரு டம்ளர். கல்யாணம் ஆகவில்லை என்று அவரே சொன்னார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் ஒப்பித்தேன்: குச்சியைப் பிடுங்கியது நான், பொய் சொன்னது நான், அத்தை எனக்காக ஏற்றுக்கொண்டார். அவர் கடைசிவரை கேட்டார்.

"அவங்க நல்லா இருக்காங்களா?" என்றார்.

"நர்ஸா இருக்காங்க."

"தம்பி, அது குச்சி விஷயம் இல்ல" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்ப வீட்டுக்கு வருவீங்களா?" என்று கேட்டேன். பார்ப்போம் என்றார். அடுத்த ஞாயிறு வருவார் என்று புளோக்குக்குக் கீழே நின்றேன். பல ஞாயிறுகள் நின்றேன். இரண்டு வருஷம் கழித்து அவருக்கு ஜோகூரில் அக்கா பார்த்த பெண்ணோடு கல்யாணமாகிவிட்டதாகக் கேள்விப்பட்டோம். நான் அங்கே போனதை அத்தையிடம் சொல்லவில்லை. போய் ஒன்றும் ஆகவில்லை, சொல்லி என்ன என்று விட்டுவிட்டேன்.

அதன் பிறகு எனக்கு நானே ஒரு சமாதானம் செய்துகொண்டேன். அத்தைக்கு உண்மையில் அந்தக் கல்யாணத்தில் இஷ்டமில்லை. இல்லாவிட்டால் ஏன் 'ஆமாம்' என்று சொல்ல வேண்டும்? என் பொய் அவருக்கு ஒரு வாசலைத் திறந்துவிட்டது. அவர் விரும்பியபடி படித்தார், வேலை பார்த்தார், யாருக்கும் கைகட்டி நிற்கவில்லை. இந்தச் சமாதானத்தை வைத்துக்கொண்டு ஒரு முழு வாழ்க்கையை ஓட்டிவிட்டேன்.

போன வருஷம் ஒரு காலை, கிளமெண்டியில் என் புளோக்குக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மூக்குக்கண்ணாடியை மாடியிலேயே விட்டுவிட்டது நினைவுக்கு வந்து எழுந்து லிஃப்ட் பக்கம் நடந்தேன். காற்று வந்தது. திரும்பிப் பார்த்தபோது பெஞ்சைக் காணோம். அந்த இடத்தில் ஒரு மரத்தின் தலை கிடந்தது. பக்கத்து வீட்டுப் பையன் ஓடிவந்து, "அங்கிள், செம லக்கி லா நீங்க!" என்று என்னைப் படம் பிடித்தான். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உயிருக்குப் பயந்து அல்ல. அத்தையிடம் சொல்லாமலே போயிருப்பேனே என்று.

மறுநாள் எம்.ஆர்.டி. ரயில் பிடித்துப் பொங்கோல் போனேன். அத்தை அங்கே தண்ணீர் தெரிகிற ஒரு சின்ன வீட்டில் பணிப்பெண்ணோடு இருக்கிறார். எண்பத்து நான்கு வயது. முழங்கால் போய்விட்டது, மூளை போகவில்லை.

"அத்தை, அன்னைக்குக் குச்சியப் பிடுங்கினது நான்" என்றேன், செருப்பைக் கழற்றுமுன்பே.

"தெரியும்."

"உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். ஆனா நான் சொன்னதில்லையே."

"சரி, சொல்லிட்ட. டீ குடிக்கிறியா?"

டீ வந்தது. எதற்காக ஆமாம் என்று சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"உங்க பெரியப்பா கையில பெல்ட்டு. நீ எலும்பும் தோலுமா நிக்கிற. வேற என்ன சொல்ல? ஒரு மிளகா வெங்காயத்துக்காக எவனாவது கல்யாணத்த நிறுத்துவானா? தாலி ஏறட்டும், அப்புறம் அவருகிட்ட சொல்லிச் சிரிக்கலாம்னு இருந்தேன்."

 "அப்ப உங்களுக்கு… அவரைப் பிடிச்சிருந்துச்சா?"

"பிடிக்காமத்தான் அலங்காரம் பண்ணிக்கிட்டு உட்கார்ந்திருந்தேனா? என்னடா கேள்வி இது, எழுபது வயசுக்கு மேல!" என்று சிரித்தார். பிறகு, "வந்து ஒரு வார்த்தை கேப்பாருன்னு ரொம்ப நாள் பார்த்தேன். பாவம், அவரு அந்தக் குச்சிய நம்பிட்டாரு. அவரச் சொல்லிக் குத்தமில்ல" என்றார்.

அங்கே நான் வாயை மூடியிருக்க வேண்டும். ஆனால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று கிளம்பி வந்தவனுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. இல்லை அத்தை, அவருக்குத் தெரியும், நானே போய்ச் சொன்னேன் என்றேன்.

"எப்போ?"

"எனக்குப் பதினாறு வயசுல."

"அப்ப அவருக்குக் கல்யாணம்…"

பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது. "ஆகல" என்றேன்.

அத்தை டம்ளரைக் கீழே வைத்தார். "என்ன சொன்னாரு?"

"குச்சி விஷயம் இல்லன்னாரு."

"அப்ப எது விஷயமாம்?"

"தெரியல அத்தை."

"கேக்கலையா?"

"அப்பக் கேக்கத் தோணல."

"தெரியாததச் சொல்றதுக்காடா கிளமெண்டியிலேருந்து வந்த?" என்றார். பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, படுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

மூன்று வாரம் அவரிடமிருந்து போன் இல்லை. நான் போன் செய்தால் பணிப்பெண் எடுத்து, அம்மா தூங்குகிறார் என்றாள். நாலாவது வாரம் அவரே கூப்பிட்டார். "நீ அவரப் பார்த்த இடத்தக் காட்டு" என்றார். 

அதுதான் நான் செய்த பரிகாரம் என்றால் பரிகாரம். டாக்சியில் தேக்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கீழே இப்போது செல்போன் கடை. மேலே மாத வாடகைக்குக் கட்டில் விடுகிறார்கள். ஊரிலிருந்து வேலைக்கு வந்த இரண்டு இளைஞர்கள் படியில் உட்கார்ந்து வீட்டோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார்கள். அத்தையைப் பார்த்ததும், "உட்காருங்கம்மா" என்று எழுந்து இடம் கொடுத்தார்கள். அவர் உட்காரவில்லை. கைத்தடியை ஊன்றி நின்று மேலே பார்த்தார்.

"அந்த ஜன்னலா?"

"ஆமா அத்தை."

"இந்தச் சந்துலதான்டா பஸ்ஸ விட்டு இறங்கி நடப்போம். வாரா வாரம்."

"ஆமா."

"நீ சொன்னப்ப அவரு உன் மூஞ்சியப் பார்த்தாரா?"

யோசித்தேன். அந்த அறையில் நான் நின்ற இடமும், நாற்காலி கிடந்த இடமும் அப்படியே நினைவுக்கு வந்தன. நாற்காலி ஜன்னலைப் பார்த்துப் போட்டிருந்தது.

"இல்ல அத்தை. கீழ பார்த்துக்கிட்டே இருந்தாரு."

 அத்தை வெகுநேரம் அந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் இருந்தது கோபமா, வேறு ஏதாவதா என்று இப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை. பிறகு கையை நீட்டினார், பிடித்துக்கொண்டேன், சந்தையை நோக்கி மெதுவாக நடந்தோம்.

அன்று அந்த அறையில், நான் பேசி முடிக்கும்வரை அந்த மனிதர் தெருவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அந்த மூன்று வருஷமும் ஞாயிறுதோறும் மீன் வாங்கிக்கொண்டு அத்தை அந்த வழியாகத்தான் திரும்பி வருவார். அந்த மனிதர் என்னைப் பார்க்க வெட்கப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டு படியிறங்கினேன்.